மிச்சியோ மியாகி

மிச்சியோ மியாகி (ஏப்ரல் 7, 1894 – ஜூன் 25, 1956) ஜப்பானைச் சேர்ந்த கோட்டோ இசைக்கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். குடும்பப் பெயரை முன்வைக்கும் ஜப்பானிய வழக்கப்படி இவர் மியாகி மிச்சியோ என்றும் குறிப்பிடப்படுகிறார். சிறு வயதிலேயே பார்வையை முற்றிலும் இழந்த இவர், 400-க்கும் மேற்பட்ட இசை ஆக்கங்களை இயற்றினார். கோட்டோ இசையில் மேனாட்டு இசையின் சில கூறுகளைச் சேர்த்து, "புதிய ஜப்பானிய இசை" என்று பெயர் பெற்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 17 தந்திகள் கொண்ட கோட்டோவை உருவாக்கியவரும் இவரே. 1929ஆம் ஆண்டில் இவர் இயற்றிய "ஹாரு நோ உமி" (வசந்தகாலக் கடல்) ஜப்பானில் புத்தாண்டுக் காலத்தில் எங்கும் ஒலிக்கும் இசையாக நிலைத்துவிட்டது.

பின்னணி

கோட்டோ என்பது தரையில் கிடத்தி இசைக்கப்படும், ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள தந்திக் கருவியாகும். கிரி எனப்படும் எடை குறைந்த மரத்தைக் குடைந்து இதன் உடல் செய்யப்படுகிறது. அதன்மேல் 13 தந்திகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தந்தியின் அடியிலும் ஒரு குதிரை உண்டு. அதனை இடம் நகர்த்தியே தந்தியின் சுருதி அமைக்கப்படுகிறது. வலக்கையின் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவற்றில் தந்தத்தாலான மீட்டுநகங்களை அணிந்து வாசிப்பர். இடக்கை, குதிரைக்கு மறுபுறத்தில் தந்தியை அழுத்திச் சுரத்தை உயர்த்தவும் வளைக்கவும் பயன்படுகிறது.

சீனாவிலிருந்து எட்டாம் நூற்றாண்டளவில் ஜப்பானை அடைந்த இக்கருவி நெடுங்காலம் அரசவைக்கும் கோயில்களுக்கும் உரியதாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் யத்சுஹாஷி கெங்கியோ (1614–1685) புதிய சுருதி அமைப்புகளை வகுத்துக் கோட்டோவைப் பொதுமக்களின் இசையாக்கினார். அவருக்குப் பின் தோன்றிய இக்குத்தா மரபும் யமதா மரபும் இன்றளவும் இரு பெரும் பிரிவுகளாக உள்ளன. யத்சுஹாஷியும் இம்மரபுகளைத் தோற்றுவித்த இருவரும் பார்வையற்றவர்கள். கெங்கியோ என்பது பெயரன்று. பார்வையற்றோருக்கென அரசு ஏற்பளித்திருந்த தோதோ என்னும் சங்கத்தின் உயர் தகுதிப் பட்டமாகும். கோட்டோவைத் தொழிலாகக் கற்பிக்கும் உரிமை இச்சங்கத்தாரிடமே இருந்தது. 1871ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு இச்சங்கத்தைக் கலைத்தது. உரிமையும் வருவாயும் ஒருசேரப் போயின. மேனாட்டு இசை பள்ளிப் பாடமாக்கப்பட்ட அக்காலத்தில் கோட்டோ பழமையின் எச்சமாகவே பலரால் எண்ணப்பட்டது. மியாகி பிறந்தது இச்சூழலில்தான்.

இளமை

மிச்சியோ, கோபே துறைமுக நகரில் வெளிநாட்டவர் குடியிருப்புப் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் மிச்சியோ சுகா. பிறந்து ஏழு மாதங்கள் நிறைவதற்குள் கண்நோய் தாக்கியது. பெற்றோர் பிரிந்துவிட்டதால் பாட்டியிடம் வளர்ந்தார். பார்வை சிறிது சிறிதாக மங்கி எட்டு வயதளவில் முற்றிலும் போயிற்று. மருத்துவம் பயனளிக்காது என்று தெரிந்தபின், பிழைப்புக்கு ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே அவரைக் கோட்டோ கற்க அனுப்பினர். அக்காலத்தில் பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்கு இருந்த தொழில்கள் மிகச் சிலவே.

1902ஆம் ஆண்டில் இக்குத்தா மரபைச் சேர்ந்த இரண்டாம் நாகஜிமா கெங்கியோவிடம் மாணவராகச் சேர்ந்தார். அவர் மறைந்தபின் மூன்றாம் நாகஜிமாவிடம் பயிற்சி தொடர்ந்தது. இசைக்குறிப்பு நூல் எதுவும் இல்லாமல், ஆசிரியர் வாசிப்பதைக் கேட்டு அப்படியே மனத்தில் பதித்துக்கொள்வதே அன்றைய முறை. 11ஆம் வயதிலேயே கற்பிக்கும் தகுதிச் சான்றைப் பெற்றார். அப்போது ஆசிரியரின் பெயரிலுள்ள "நாக" என்னும் எழுத்தைத் தம் குடும்பப் பெயருடன் சேர்த்து நாகசுகா என்ற பெயரை ஏற்றார்.

கொரியாவில்

தொழில் நிமித்தம் கொரியா சென்றிருந்த தந்தை அங்குக் கலகக்காரர்களால் தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார். குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. 1907ஆம் ஆண்டில், 13 வயதில், மிச்சியோ கடல் கடந்து இஞ்சியோன் நகரை அடைந்தார். கொரியா அப்போது ஜப்பானின் மேலாதிக்கத்தில் இருந்தது; 1910ஆம் ஆண்டில் முழுமையாக இணைத்துக்கொள்ளப்பட்டது. அங்குக் குடியேறியிருந்த ஜப்பானியக் குடும்பங்களே இவருடைய மாணவர்கள். பகலில் கோட்டோவும் மாலையில் சாக்குஹாச்சி என்னும் மூங்கில் குழலும் கற்பித்து, பதின்ம வயதிலேயே குடும்பத்தைத் தாங்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் சியோலுக்கு இடம் பெயர்ந்தார்.

இப்பத்தாண்டுகள் இழப்பாகவே தோன்றலாம். ஆசிரியரை விட்டுப் பிரிந்ததால் புதிய பாடங்களைக் கற்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. தெரிந்த சிலவற்றையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. எனினும், அவர் இசையமைக்கத் தொடங்கியதற்கு இக்குறையே காரணமாயிற்று. கோட்டோ உலகின் மூத்தோர் எவரும் அருகில் இல்லாததால், இது மரபன்று என்று தடுப்பாரும் இருக்கவில்லை.

முதல் ஆக்கம் 1909ஆம் ஆண்டில், 14ஆம் வயதில் உருவானது. தம்பி தன் பள்ளிப் பாடநூலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, நீர் எடுக்கும் பல வடிவங்களைப் பற்றிய ஏழு வாக்கா கவிதைகள் மிச்சியோவின் காதில் விழுந்தன. மூடுபனி, முகில், மழை, பனி, ஆலங்கட்டி, பனித்துளி, உறைபனி ஆகியவற்றைப் பாடும் அக்கவிதைகளுக்கு அவர் இசை அமைத்தார். "மிசு நோ ஹென்தாய்" (நீரின் உருமாற்றங்கள்) எனப் பெயரிடப்பட்ட இவ்வாக்கம் இரு கோட்டோக்களுக்கும் குரலுக்கும் உரியது. வடிவத்தில் மரபை மீறாத இப்பாடலில், மழையின் ஒலியும் ஆலங்கட்டி விழும் ஒலியும் தந்திகளில் கேட்கின்றன. பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆக்கங்கள் பல வந்தபின்னும் இது மேடைகளில் வாசிக்கப்பட்டு வருவது குறிப்பிடத்தக்கது.

கொரியாவில் ஜப்பானின் தலைமை ஆளுநராக இருந்த இட்டோ ஹிரோபுமி இவருடைய வாசிப்பைக் கேட்டு, டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று ஆதரிப்பதாக வாக்களித்தார். ஆனால் 1909ஆம் ஆண்டு அக்டோபரில் ஹார்பின் நகரில் இட்டோ சுட்டுக்கொல்லப்பட்டார். மிச்சியோ மேலும் எட்டு ஆண்டுகள் கொரியாவிலேயே இருக்க நேர்ந்தது.

கொரியப் பெண்கள் இரவில் துணியைக் கட்டையால் அடித்து மென்மையாக்கும் ஓசை "கார கினுத்தா" என்னும் ஆக்கத்துக்குத் தூண்டுதலாயிற்று. கோட்டோவையும் சாமிசென் என்னும் மூன்று தந்திக் கருவியையும் தனித்தனிக் குரல்களாகப் பிரித்து ஒன்றோடொன்று இயைய வைக்கும் முயற்சியை இதில் காணலாம். 1913ஆம் ஆண்டில் நாகாகோ கீத்தா என்பவரை மணந்து மியாகி என்ற குடும்பப் பெயரை ஏற்றார். சியோலில் சாக்குஹாச்சிக் கலைஞர் செய்ஃபூ யோஷிதாவுடன் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

டோக்கியோவும் புதிய ஜப்பானிய இசையும்

1917ஆம் ஆண்டில் மியாகி டோக்கியோ வந்து சேர்ந்தார். வந்த சிறிது காலத்திலேயே மனைவி நாகாகோ இறந்தார். கையில் பணமில்லை, தலைநகரில் அறிந்தவரும் மிகச் சிலர். அடுத்த ஆண்டில் சதாகோ யோஷிமுராவை மணந்தார். இவர் மியாகியின் இறுதிக்காலம் வரை துணை நின்றார்.

1919ஆம் ஆண்டு மே மாதம் ஹோங்கோ பகுதியிலிருந்த மண்டபம் ஒன்றில், முழுவதும் தம் ஆக்கங்களைக் கொண்ட முதல் நிகழ்ச்சியை நடத்தினார். முந்தைய ஆசிரியர்களின் ஆக்கங்களைப் பிழையின்றி வாசிப்பதே கலைஞனின் கடமை என்று கருதப்பட்ட துறையில், இருபத்தைந்து வயதினர் ஒருவர் தம் ஆக்கங்களை மட்டுமே மேடையேற்றியது துணிச்சலான செயல். மரபுக் கோட்டோ ஆசிரியர்கள் பலர் இதனை வரவேற்கவில்லை. மேனாட்டு இசை கற்றோரும் எழுத்தாளர்களும் இசை ஆய்வாளர்களும்தான் முதலில் ஆதரவளித்தனர். அவர்களுள் இசையியலாளர் ஹிசாவோ தனாபே முக்கியமானவர்.

1920ஆம் ஆண்டு நவம்பரில், மேனாட்டு முறையில் பயின்ற இசையமைப்பாளர் நாகயோ மொத்தோரியுடன் இணைந்து டோக்கியோவின் யூராக்கு அரங்கில் நிகழ்ச்சி நடத்தினார். அந்நிகழ்ச்சிக்கு யோஷிதா சூட்டிய "புதிய ஜப்பானிய இசை" என்ற பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

மியாகி செய்த மாற்றங்களைச் சுருக்கமாக விளக்குவது எளிதன்று. அதுவரை கோட்டோ இசையின் பெரும்பகுதி பாட்டோடு இணைந்தது. பல கருவிகள் சேர்ந்து வாசித்தாலும் அவை ஒரே மெட்டைச் சிறு வேறுபாடுகளுடன் பின்தொடரும். மியாகி கருவிகளுக்குத் தனித்தனிப் பணிகளைப் பிரித்தளித்தார். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள், மரபில் ஏறத்தாழ இல்லாத மூன்றெண் தாளம், விரல் நுனியால் தந்தியைக் கிள்ளுதல், ஒரே சுரத்தை விரைந்து அதிரச் செய்தல் முதலியவற்றைச் சேர்த்தார். சுருதி அமைப்பிலும் மெட்டிலும் அவர் பெரும்பாலும் ஜப்பானிய மரபை விடவில்லை. இதனால் பழமைவாதிகள் அவரை மேனாட்டுப் பற்றாளர் என்றனர். பின்வந்த புதுமைவாதிகளோ அவர் போதிய தொலைவு செல்லவில்லை என்றனர். "ஓச்சிபா நோ ஒதோரி" (உதிர்ந்த இலைகளின் நடனம், 1921), "செஒதோ" (ஓடையின் ஒலி, 1923) போன்ற ஆக்கங்களைக் கேட்போர் இவ்விரு கருத்துகளையும் தாமே எடைபோடலாம்.

1928ஆம் ஆண்டில் "எத்தென்ராக்கு" என்னும் பழைய அரசவை இசையை அடிப்படையாகக் கொண்டு, கோட்டோவுக்கும் மேனாட்டுச் சேர்ந்திசைக் குழுவுக்கும் உரிய மாறுபாடுகளை இயற்றினார். கொனோயே உடன்பிறப்புகளான ஹிதேமாரோவும் நாவோமாரோவும் இதில் பங்காற்றினர். இவ்வாக்கம் மியாகியின் இறுதிப் பயணத்துடனும் தொடர்புடையது.

உருவாக்கிய கருவிகள்

கருவிகளைத் தனித்தனிக் குரல்களாகப் பிரித்தபோது ஒரு குறை வெளிப்பட்டது. 13 தந்திக் கோட்டோவில் ஆழ்ந்த மந்தர ஒலி கிடையாது. இக்குறையைத் தீர்க்க, தனாபேயின் ஆலோசனையுடன் 1921ஆம் ஆண்டில் 17 தந்திக் கோட்டோவை மியாகி உருவாக்கினார். இது வழக்கமான கோட்டோவை விட நீளமானது, தடித்த தந்திகளைக் கொண்டது. தொடக்கத்தில் துணைக்கருவியாகவே கருதப்பட்ட இது, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனிக்கச்சேரிக் கருவியாகவும் வளர்ந்தது. இன்று கோட்டோக் குழுக்களில் இது இல்லாத குழு அரிது.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு வெற்றி பெறவில்லை. 1929ஆம் ஆண்டில் பியானோவின் வீச்சைக் கோட்டோவில் கொண்டுவர எண்ணி 80 தந்திகள் கொண்ட கருவியைச் செய்வித்து மேடையேற்றினார். அதில் பாக்கின் இசையும் வாசிக்கப்பட்டது. தோற்றத்தில் வியப்பூட்டிய அக்கருவியின் ஒலி வலுவற்றிருந்தது. அது மீண்டும் பரவலாக மேடையேறவில்லை. 1945ஆம் ஆண்டு டோக்கியோ மீதான வான்தாக்குதலில் மியாகியின் வீட்டோடு அதுவும் அழிந்தது. இவை தவிர, வில்லால் இசைக்கும் கொக்யூ கருவியின் பெரிய வடிவத்தையும், எளிதில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய கோட்டோவையும் உருவாக்கினார்.

வசந்தகாலக் கடல்

ஜப்பானிய அரண்மனையில் ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டிக் கவிதை அரங்கு ஒன்று நடைபெறும். 1930ஆம் ஆண்டுக்குரிய தலைப்பு கடற்கரைப் பாறை என்பதாகும். அதனையொட்டி 1929ஆம் ஆண்டின் இறுதியில் மியாகி இயற்றியதே "ஹாரு நோ உமி". கோட்டோவும் சாக்குஹாச்சியும் மட்டுமே கொண்ட இவ்வாக்கம் ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நீடிப்பது. முதற்பகுதியில் கோட்டோவின் அலைபோன்ற சுரவரிசை மேல் குழல் மிதக்கிறது. நடுப்பகுதி படகின் துடுப்பசைவு போல விரைவு கொள்கிறது. பின் முதற்பகுதி திரும்புகிறது. சேத்தோ உள்நாட்டுக் கடலில் கப்பலில் சென்றபோது பெற்ற உணர்வுகளை இதில் வடித்தார் என்பர். அக்கடலோரத்துத் தோமோ துறைமுகம் அவருடைய தந்தையின் சொந்த ஊராகும். கடலைக் கண்ணால் கண்டதைப் பற்றி அவருக்கு இருந்தது மிகச் சிறுவயது நினைவு மட்டுமே. அலை, பறவை, துடுப்பு ஆகியவற்றின் ஒலிகளே இவ்விசையில் நிறைந்துள்ளன.

முதலில் இது பெருங்கவனத்தைப் பெறவில்லை. 1932ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்த பிரெஞ்சு வயலின் கலைஞர் ரெனே ஷெமே இதனைக் கேட்டு ஈர்க்கப்பட்டு, குழலுக்குரிய பகுதியை வயலினுக்கு மாற்றியமைத்து மியாகியுடன் இணைந்து வாசித்தார். அவ்விணையின் இசைத்தட்டு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் வெளியானது. சொந்த நாட்டின் கருவி இசை ஒன்று வெளிநாட்டுக் கலைஞர் வழியாகத் திரும்பி வந்தபின்னரே ஜப்பானியரிடையே பெரும்புகழ் பெற்றது என்பது எண்ணத்தக்கது.

ஆசிரியப் பணியும் எழுத்தும்

1925ஆம் ஆண்டில் ஜப்பானில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலத்திலேயே மியாகி அதில் வாசித்தார். பின்னர் வானொலி வழியாகக் கோட்டோப் பாடங்களும் நடத்தினார். ஆசிரியர் வீட்டில் நேருக்கு நேர் அமர்ந்து மட்டுமே கற்கக்கூடியதாக இருந்த கலையைத் தொலைவிலிருந்தும் கற்க இது வழிசெய்தது. 1930ஆம் ஆண்டில் டோக்கியோ இசைப்பள்ளியில் விரிவுரையாளராகவும், 1937ஆம் ஆண்டில் பேராசிரியராகவும் அமர்ந்தார். படிப்படியான பயிற்சிப் பாடங்களையும், குழந்தைகள் பாடி வாசிக்கத்தக்க எளிய பாடல்களையும் ஏராளமாக இயற்றினார். தம் ஆக்கங்களைப் பிரெய்ல் முறையில் குறித்துக்கொள்வது இவருடைய வழக்கம்.

எழுத்தாளர் ஹியாக்கென் உச்சிதா (1889–1971) இவரிடம் கோட்டோ கற்றவர்; நெருங்கிய நண்பரும் ஆவார். அவர் தந்த ஊக்கத்தால் மியாகி கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். முதல் தொகுப்பான "அமே நோ நென்புத்சு" 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. மழை, காலடியோசை, மனிதர்களின் குரல், பருவங்களின் ஒலி என, காதால் அறிந்த உலகை எளிய நடையில் கூறும் இக்கட்டுரைகள் இசை ஆர்வம் இல்லாதோராலும் விரும்பிப் படிக்கப்பட்டன.

போருக்குப் பின்

1947ஆம் ஆண்டில் இயற்றிய "தெகோத்தோ" தனிக்கோட்டோவுக்குரிய ஆக்கங்களுள் முதன்மையான ஒன்று. 1948ஆம் ஆண்டில் ஜப்பானியக் கலைக்கழகத்தின் உறுப்பினரானார். 1953ஆம் ஆண்டில் பிரான்சின் பியாரிட்ஸ் நகரிலும் ஸ்பெயினின் பம்ப்லோனா நகரிலும் நடைபெற்ற பன்னாட்டு நாட்டுப்புற இசை, நடன விழாவில் ஜப்பானின் சார்பாகக் கலந்துகொண்டு முதற்பரிசு பெற்றார். அப்பயணத்தில் லண்டனில் கேட்ட மழையோசை "லண்டனின் இரவு மழை" என்னும் ஆக்கமாயிற்று.

மறைவு

1956ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, ஒசாக்காவில் நடைபெறவிருந்த சேர்ந்திசை நிகழ்ச்சியில் வாசிப்பதற்காக "கிங்கா" விரைவுத் தொடருந்தில் டோக்கியோவிலிருந்து புறப்பட்டார். அங்கு வாசிக்க இருந்தது 1928ஆம் ஆண்டின் எத்தென்ராக்கு மாறுபாடுகளாகும். மறுநாள் விடியற்காலை மூன்று மணியளவில், ஐச்சி மாகாணத்தின் காரியா நிலையத்துக்கு அருகில் ஓடும் வண்டியிலிருந்து கீழே விழுந்தார். கழிப்பறைக்குச் செல்ல எழுந்தவர் தவறுதலாக வெளிக்கதவைத் திறந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. விழுந்ததை எவரும் பார்க்கவில்லை. இருப்புப்பாதையோரத்தில் உயிருடன் கண்டெடுக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், காலை ஏழு மணியளவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. உடல் டோக்கியோவின் யனாக்கா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஹியாக்கென் பின்னர் அந்நிலையத்தின் பெயரைத் தலைப்பில் கொண்ட கட்டுரை ஒன்றை நண்பரின் நினைவாக எழுதினார்.

பின்வந்தோர்

மியாகியின் சமகாலத்தவரான கின்இச்சி நாகநோஷிமா (1904–1984) யமதா மரபிலிருந்து புதிய ஆக்கங்களை இயற்றினார். 1942ஆம் ஆண்டின் "மூன்று சிறுபகுதிகள்" அவற்றுள் புகழ்பெற்றது. 1969ஆம் ஆண்டில் இசையமைப்பாளர் மினோரு மிக்கியும் கலைஞர் கெய்கோ நொசாக்காவும் இணைந்து 20 தந்திக் கோட்டோவை உருவாக்கினர். ததாவோ சவாய் (1937–1997) கோட்டோவை இளைஞரிடம் கொண்டுசென்ற ஆக்கங்களால் அறியப்படுகிறார். அவருடைய மனைவியும், 17 தந்திக் கோட்டோவின் தலைசிறந்த கலைஞருமான கசுவே சவாய் சிறுமியாக இருந்தபோது மியாகியிடம் பயின்றவர்.

நினைவிடங்கள்

டோக்கியோவின் ககுராசாக்கா பகுதியில் மியாகி வாழ்ந்த இடத்தில் 1978ஆம் ஆண்டில் மிச்சியோ மியாகி நினைவகம் திறக்கப்பட்டது. இசைக்கலைஞர் ஒருவருக்கென ஜப்பானில் அமைந்த முதல் நினைவகம் இதுவே. அவர் இசையமைத்த சிறிய அறை, பயன்படுத்திய கோட்டோக்கள், பிரெய்ல் குறிப்புகள் ஆகியவற்றுடன், அழிந்துபோன 80 தந்திக் கருவியின் மாதிரி ஒன்றும் அங்கு உள்ளது. காரியா நிலையத்துக்கு அருகில் அவர் விழுந்த இடத்தில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டுள்ளது. தோமோ துறைமுகத்தில் அவருடைய சிலை உள்ளது.